அழுதால் எழுதிவிடுவார்கள்

அழக் கூடாது, சிரிக்கவும் கூடாது, இரண்டுக்கும் நடுவில், ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவள் மூஞ்சி எப்படி இருக்கும், அப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கமருன்னிஸா சொல்லி அனுப்பியிருந்தாள். மனநல ஆஸ்பத்திரி வார்டில் பக்கத்துக் கட்டில்காரி. வீட்டுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவு சொல்கிற போர்டுக்கு இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் அதே கட்டிலுக்குத் திரும்பி வந்தவள், அவளுக்குத் தெரியாதா. முதல் தடவை மகனைப் பார்த்ததும் பொலபொலவென்று அழுதுவிட்டாளாம், மனசு நிலையாக இல்லை என்று எழுதிவிட்டார்கள். அடுத்த தடவை பல்லைக் கடித்துக்கொண்டு போனவள் பதற்றத்தில் சிரித்துத் தொலைத்தாள். சந்தர்ப்பத்துக்குப் பொருந்தாத சிரிப்பாம். அப்படியும் ஒரு நோய் உண்டா என்று தங்கபுஷ்பம் கேட்டதற்கு, வெளியே இருக்கிறவங்களுக்குக் கிடையாது, நமக்கு உண்டு என்றாள் கமருன்னிஸா. ஆகவே போர்டு தேதி வந்ததிலிருந்து தங்கபுஷ்பம் வார்டு ஜன்னல் கண்ணாடியில் ரேஷன் கடை மூஞ்சியைப் பழகிக்கொண்டிருந்தாள். இப்போது கோர்ட்டுக்குப் பின்கட்டு மாடியில், போர்டு கூடுகிற அறைக்கு வெளியே, பெஞ்சில் அந்த மூஞ்சியோடுதான் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வார்டு ஆயா எஸ்தர். உள்ளே யாருடைய கேஸோ நடந்துகொண்டிருந்தது, கதவு சாத்தியிருந்தது. அடுத்தது இவளுடையது. போகலாம் என்று சொல்லிவிட்டால் இன்றைக்கே அம்மாவிடம் போய்விடலாம். இல்லையென்றால் வேனில் ஏறி வந்த வழியே ஆஸ்பத்திரிக்கு. இவ்வளவுதான் விஷயம். காலையில் உப்புமாவைப் பாதியில் வைத்துவிட்டு வந்தாள், உப்புமா என்றைக்குத்தான் சரியாக இருந்தது, பாதியில் வைத்ததையும் எழுதிக்கொள்வார்களோ.

கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கை நடுங்கும். மாத்திரைக்கு நடுங்குகிறதே தவிர மனசுக்கு நடுங்கவில்லை, ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது தெரியவா போகிறது. டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் தளும்பும், ஆகவே உள்ளே தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், நாக்கு ஒட்டிக்கொண்டாலும் சரி. என்ன கிழமை என்று கேட்பார்கள். புதன். நேற்று முட்டை போட்டார்கள், செவ்வாய்க்குத்தான் முட்டை, அதனால் இன்றைக்குப் புதன். முட்டையை வைத்துச் சொல்கிறேன் என்று மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. கோவில்பட்டியில் லாரி புக்கிங் ஆபீஸில் பில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் யாராவது வந்து இன்றைக்கு என்ன கிழமை சொல்லு பார்ப்போம் என்று கேட்டிருந்தால் நாலு வார்த்தை நல்லதாகக் கொடுத்து அனுப்பியிருப்பாள். டிரைவர்மார் எல்லாம் அவள் வாய்க்குப் பயப்படுவார்கள். அந்த வாய் எங்கே போச்சோ, மாத்திரையோடு மாத்திரையாகக் கரைந்துபோச்சு. இப்போது கிழமை தெரிந்ததற்கே சந்தோஷப்பட வேண்டியிருக்கிறது. இது உங்க உரிமைக்கா, யாரும் தயவு பண்ணி விடுகிற விஷயம் இல்லை என்று ஷர்மிளா சொல்லியிருந்தாள். ஷர்மிளா இலவசச் சட்ட உதவியில் வந்த வக்கீல் பிள்ளை, மனு எழுதிக் கொடுத்ததும் அவள்தான். சட்டம் மாறிவிட்டதாம். தம்பி வந்து கையெழுத்துப் போட்டுத்தான் கூட்டிப்போக வேண்டும் என்பதில்லையாம். வீட்டில் சேர்த்துக்கொள்ள ஆளில்லை என்கிற ஒரே காரணத்துக்காக ஒருத்தரை ஆஸ்பத்திரியில் போட்டு வைக்கக் கூடாதாம். இதெல்லாம் புஸ்தகத்தில் அச்சடித்திருக்கிறது என்றாள். உரிமை, உரிமை என்று தங்கபுஷ்பம் அந்த வார்த்தையைப் பனங்கற்கண்டு மாதிரி வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் அலைந்தாள். எஸ்தர்தான், உரிமை கிரிமைன்னு உள்ள போய் எகிறாத தாயி, பதவிசாப் பேசு, என்றாள். எஸ்தர் சொல்வதும் நியாயம். உரிமை இருக்கிறவள் கத்தலாம், ஆனால் கத்துகிறவளுக்கு உரிமை இல்லை.

தம்பி வந்திருந்தான். போர்டிலிருந்து அவனுக்கு நோட்டீஸ் போயிருந்தது, மூத்தவளைப் பற்றிக் கேட்க வேண்டுமே. எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், லிங்கதுரை, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு மஞ்சப்பையோடு. வந்ததும், நல்லாருக்கியாக்கா என்றான், சாப்ட்டியா என்றான், அப்புறம் மஞ்சப்பையின் காதை முறுக்க ஆரம்பித்தான். அவன் தலையைப் பார்த்தாள். முடி இல்லை. அடியோடு இல்லையென்றில்லை, இருக்கிறது, முள்ளுமுள்ளாக, மொட்டை போட்டு வளர்ந்து வருகிற முடி. லிங்கதுரைக்குத் தலைமுடி என்றால் உயிர். எண்ணெய் தேய்த்துப் படிய வாரி, பாக்கெட்டில் சீப்பில்லாமல் தெருவில் இறங்க மாட்டான். என்னலே தம்பி தலை இப்படி என்று கேட்டாள். திருச்செந்தூர்க்கா, ஒரு வேண்டுதல், என்றான் மஞ்சப்பையைப் பார்த்துக்கொண்டு. சரி, வேண்டுதல். யாருக்கு வேண்டுதல் இருக்காது. ஆனால் மீசை? மீசையும் அப்போதுதான் கறுத்துக்கொண்டு வந்தது. திருச்செந்தூர் போகிற ஆம்பிளைகள் தலையைக் கொடுத்துவிட்டு மீசையோடு வருவதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள், மீசையும் தலையும் சேர்ந்து போவது எதற்கென்றால், சே, சிலபேர் மீசையையும் எடுப்பார்கள், ஏன் எடுக்க மாட்டார்கள், எல்லாரையும் நீ பார்த்தாயா. இதுதான் வேண்டாம் என்பது. இந்த முடிச்சுப் போடுகிற வேலை. அவளுடைய கேஸ் ஷீட்டில் முதல் வார்த்தையே சந்தேகம்தான், இங்கிலீஷில் நீளமாக இருக்கும், சந்தேகம் என்றுதான் அர்த்தம் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறாள். சின்னச் சின்ன விஷயத்தை எடுத்துக்கொண்டு ஒன்றோடொன்று கோத்துக் கோத்துக் கடைசியில் எங்கேயோ கொண்டுபோய் நிறுத்துவது. அது வியாதி. அப்படித் தோன்றினால் உடனே அங்கேயே விட்டுவிட வேண்டும், பின்னாலேயே போகக் கூடாது என்று டாக்டரம்மா பழக்கியிருந்தார். அவளும் பழகிவிட்டாள். தலையைப் பார்க்காதே, சட்டைப் பொத்தானைப் பார். மேல் பொத்தான் வேறு நிறம். அம்மா இருந்தால் இப்படி மாற்றிப் பொத்தான் தைத்துச் சட்டையைப் போட விடுவாளா. விடு, பொத்தானையும் விடு, சுவரைப் பார்.

அம்மாவுக்கு முட்டு வலி, அதனால்தான் வரவில்லை. ஒவ்வொரு மாசமும் வந்துகொண்டிருந்தவள்தான். சின்னத் தூக்குவாளியில் கருவாட்டுக் குழம்பு, வார்டு வாசலில் வைத்தே எனக்கு ஊட்டாத குறை. எஸ்தருக்கும் ஒரு கரண்டி, கமருன்னிஸாவுக்கும் ஒரு கரண்டி. தின்னுட்டி, தின்னு, மாத்திரை வயித்தை அரிச்சிரும் என்பாள். டாக்டரம்மா வந்தால் எழுந்து நின்று கும்பிடுவாள், கோயில் பூசாரியைக் கும்பிடுவது மாதிரி, எனக்குக் கோபமாக வரும். பங்குனிக்கப்புறம் ஆளைக் காணோம். தம்பி போனில், முட்டு நீர் கோத்துக்கிட்டுக்கா, பஸ் ஏற முடியல என்றான். போனைக் குடு அம்மாட்ட என்றால், தூங்குதா, குளிக்கா, கோயிலுக்குப் போயிருக்கா என்று ஏதாவது சொல்வான். முட்டு வலிக்காரி கோயிலுக்கு எப்படிலே போனா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டாள். அதுவும் சந்தேகம்தானே. நல்ல பிள்ளையாக விட்டாள். சிஸ்டரிடம் கெஞ்சி வலிக்குப் போடுகிற தைலம் ஒரு டியூப் வாங்கிப் பையில் வைத்திருக்கிறாள். அம்மாவை உட்காரவைத்து, சேலையை முட்டிக்கு மேல் ஏற்றிவிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் உருட்டி உருட்டித் தேய்க்க வேண்டும். கை நடுங்கினால் நடுங்கட்டும், தேய்க்கிற கை நடுங்குவது அம்மாவுக்குத் தெரியவா போகிறது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, ஆங், அங்கதான், அங்கதான் என்பாள். அந்த வீட்டில் இரண்டே அறை, பின்னால் முருங்கை, மழை பெய்தால் ஒரு மூலை ஒழுகும், ஒழுகினால் என்ன, ஒழுகுகிற மூலையில் நான் படுத்துக்கொள்கிறேன். உள்ளே கேட்டால் இதையெல்லாம் சொல்லக் கூடாது. அம்மாவைக் கவனித்துக்கொள்வேன், மாத்திரை தவறாமல் போடுவேன், மறுபடி ஏதாவது வேலைக்குப் போவேன். அவ்வளவு போதும். நிறையப் பேசினால் நிறைய எழுதுவார்கள்.

கோர்ட்டு அவளுக்குப் புதுசா என்ன. சிவகாசிக்காரன், தாலி கட்டினவன், புத்தி சுவாதீனம் இல்லாதவளோடு வாழ முடியாது என்று மனுப் போட்டானே, அப்போது ஏறியிருக்கிறாள். அன்றைக்கு அவனுடைய வக்கீல் டீயில் பிஸ்கட் முக்கித் தின்றுவிட்டு வந்திருக்கிறான், மீசையில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கனம் கோர்ட்டார் அவர்களே, இந்தப் பெண்மணி சித்த சுவாதீனம் அற்றவர், என்று அவன் சொல்லச் சொல்ல அந்தத் துணுக்கு மேலும் கீழும் ஆடியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாருக்குத்தான் வராது. உடனே அவன் கையை நீட்டி, பாருங்கள், பாருங்கள் என்றான். எல்லாரும் பார்த்தார்கள். பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது, அதையும் பாருங்கள் என்றான். அழுகையும் சிரிப்பும் அவளுடைய சொத்து, அதைத் தூக்கி அவளுக்கு எதிராகவே சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டான் படுபாவி. அம்மா மட்டும் வெளியே வந்து, அவன் மீசையில பிஸ்கட்டு இருந்துதேட்டி, நானும் பாத்தேன், என்றாள். அந்த ஒரு வார்த்தை போதும், இத்தனை வருஷம் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் பார்த்ததை இன்னொருத்தியும் பார்த்திருக்கிறாள் என்பது சின்ன விஷயமா என்ன. குரல் கேட்கிறவளுக்கு அது பெரிய விஷயம். லாரி ஆபீஸ் மைக்கில் தன்னுடைய பெயரைச் சொல்லி யாரோ கூப்பிடுகிறார்கள், தங்கபுஷ்பம், கதவைச் சாத்து, கதவைச் சாத்து என்று ஆரம்பித்தபோது அவள் முதலில் ஓடியது அம்மாவிடம்தான். உனக்குக் கேக்காம்மா? அம்மா காதைச் சாய்த்து, நிசமாகவே உற்றுக் கேட்டாள். அப்புறம், இல்லட்டி, எனக்குக் கேக்கல, ஆனா உனக்குக் கேக்குது போல, என்றாள். பொய் சொல்லவும் இல்லை, ஏசவும் இல்லை. அம்மா ஒருத்தியை வைத்துத்தான் எது இருக்கிறது எது இல்லை என்று அவள் கணக்குப் பார்த்துக்கொண்டாள். குரல் இப்போதும் எப்போதாவது வரும், பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி, அது பாட்டுக்குப் பேசும், இவள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாள்.

அம்மா போயிட்டா. இது யார் சொன்னது? இப்போது, இந்த நிமிஷம், தலைக்குள்ளே, அம்மா போயிட்டா என்று யார் சொன்னது, குரலா, நானா. தங்கபுஷ்பம் கையைத் தொடைக்கு அடியில் இன்னும் அழுத்தினாள். குரலென்றால் அதட்டும், இது அதட்டவில்லை. இது சும்மா, அரிசி தீர்ந்துபோச்சு என்று சொல்வது மாதிரி சொன்னது. மொட்டை, மீசை, பொத்தான், போன், கோயில். கோக்காதே. கோத்தால் வியாதி. ஆனால் கோக்காமலே அதுவாகக் கோத்துக்கொண்டு நிற்கிறதே, நான் என்ன செய்ய. எதிரே உட்கார்ந்திருக்கிறவனிடம், தம்பி, அம்மா இருக்காளாலே என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். ஆமாக்கா இருக்கா என்பான், அப்படிச் சொன்னால் தாய் செத்துப்போனதாக நினைக்கிற பைத்தியம் என்று எஸ்தர் காதில் விழும், எஸ்தர் நல்லவள்தான், ஆனால் கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும், அது அவள் வேலை. இல்லக்கா, இல்ல என்று சொல்லிவிட்டால்? அப்புறம் எப்படி உள்ளே போவது. சாவு விழுந்த கேத வீடு என்றால் தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். தெரு முக்கிலேயே கூந்தலை அவிழ்த்துவிட்டு, யம்மா என்று குரலெடுத்துக்கொண்டே நடக்க வேண்டும், வீட்டுப் பொம்பளைகள் எழுந்து ஓடி வந்து கட்டிக்கொள்வார்கள், தலையோடு தலை முட்டி வட்டமாக உட்கார்ந்து மாரில் அடித்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக்காரிக்கே அப்படி. பெற்ற மகள் அழாமல் வந்தால் கல்நெஞ்சுக்காரி என்று ஊர் காறித் துப்பும். அம்மாவே துப்புவாள். அங்கே அழாவிட்டால் குற்றம், இங்கே அழுதால் குற்றம். வேண்டாம், ஒன்றும் கேட்க வேண்டாம். அம்மாவுக்கு முட்டு வலி. இன்றைக்குப் புதன். அம்மாவுக்கு முட்டு வலி.

பெயரைக் கூப்பிட்டார்கள். மைக் இல்லை, ஒரு பியூன் கதவைத் திறந்து கூப்பிட்டான், எஸ்தருக்கும் கேட்டது, அதனால் நிசம்தான். உள்ளே நீள மேசை. நடுவில் ஓய்வு பெற்ற நீதிபதி ஐயா, ஒரு பக்கம் டாக்டரம்மா, வார்டு டாக்டரம்மா அல்ல, வேறொருவர், கையில் பேனா. இன்னொரு பக்கம் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. அந்த அம்மா ஒருகாலத்தில் உங்களை மாதிரி ஆஸ்பத்திரியில் இருந்தவங்கதான், அப்படி ஒருத்தரும் போர்டில் உட்காரலாம் என்று ஷர்மிளா சொல்லியிருந்தாள். தங்கபுஷ்பம் முதலில் அந்த அம்மாவின் கையைத்தான் தேடினாள், நடுங்குகிறதா என்று. கை மேசைக்கு அடியில் இருந்தது. ஷர்மிளா மனுவைப் பற்றி இங்கிலீஷிலும் தமிழிலும் சொன்னாள். லிங்கதுரை ஓரத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். நீதிபதி நல்ல மனுஷன் போலத்தான் இருந்தார், பெயர் கேட்டார், கிழமை கேட்டார். புதன் என்றாள். கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டோமோ என்று இருந்தது. என்ன வேலை பார்த்தீங்க என்று கேட்டார், சொன்னாள். மாத்திரையின் பெயரைக் கேட்டார் டாக்டரம்மா, அதையும் சொன்னாள், நிறத்தோடு. தண்ணீர் வைத்தார்கள், தொடவில்லை. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பரவாயில்லையே என்று உள்ளுக்குள் ஒரு மூச்சு விட்டாள். இங்கிருந்து போனால் எங்கே தங்குவீங்க என்று நீதிபதி கேட்டார். இதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தாள். அம்மா வீட்டுக்கு ஐயா, அம்மாவுக்கு முட்டு வலி, நான் இருந்து பாத்துக்கிடுவேன் என்றாள், பழகினபடி, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல். நீதிபதி தம்பி பக்கம் திரும்பி, அம்மாவுக்குச் சம்மதம்தானே என்று கேட்டார். லிங்கதுரை எழுந்து நின்றான். மஞ்சப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"அம்மா இல்லங்கய்யா," என்றான். "பங்குனி கடைசியில தவறிட்டா. அக்காட்ட சொல்லல. சொன்னா தாங்க மாட்டான்னு எல்லாரும் சொன்னாங்க."

அறையில் இருந்த அத்தனை கண்ணும் தங்கபுஷ்பத்தின் மேல் வந்து நின்றது. அவள் மேசையின் மேலிருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்தாள். மேலே ஃபேன் சுற்றியதில் தண்ணீர் லேசாக அசைந்தது. அழாதே. அழாதே. பங்குனி கடைசி என்றால் வெயில் தொடங்கியிருக்கும், அம்மாவுக்கு வெயில் ஆகாது, தூக்கிக்கொண்டு போகும்போது வெயிலாக இருந்திருக்குமோ. யார் குளிப்பாட்டினார்கள். என்ன சேலை கட்டினார்கள், அந்தப் பச்சைக் கட்டம் போட்டதையா, அது பெட்டிக்கு அடியில் இருக்கிறது என்று எனக்கு மட்டும்தானே தெரியும். வாய்க்கரிசி போட மகள் எங்கே என்று யாராவது கேட்டிருப்பார்களா, அவ ஆஸ்பத்திரியில இருக்கா என்று சொல்லியிருப்பார்கள், ஆமா ஆமா என்று அடுத்த ஆள் நகர்ந்திருப்பான். நான் அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தேன், முட்டை தின்றுகொண்டிருந்தேனா. ஒரு மாசமாக இல்லாத முட்டிக்குத் தைலம் தேடிக்கொண்டிருந்தேனே, சிஸ்டரிடம் பல்லைக் காட்டினேனே. அய்யோ அம்மா. அழாதே. தொண்டைக்குள் ஏதோ உருண்டு மேலே வந்தது, முழுங்கினாள். மறுபடி வந்தது, மறுபடி முழுங்கினாள். மூஞ்சி அப்படியே இருந்தது. பழகின மூஞ்சி, அது பாட்டுக்கு இருந்தது.

டாக்டரம்மா குரலைத் தணித்து, தம்பி சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா என்று கேட்டார். புரிஞ்சுது என்றாள். பேனா தாளின் மேல் நின்றுகொண்டிருந்தது. எனக்கு முதலிலேயே தெரியும் டாக்டர் என்று, ஏன் சொன்னாள் என்று தெரியாமலே சொல்லிவிட்டாள். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். யார் சொன்னாங்க என்று கேட்டார், அந்தக் கேள்வி எங்கே போகும் என்று தங்கபுஷ்பத்துக்கும் தெரியும், ஷர்மிளாவுக்கும் தெரியும், ஷர்மிளா நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள்.

"யாரும் சொல்லல. தம்பி தலையைப் பாத்ததும் தெரிஞ்சுது. சந்தேகப்படக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

கண்ணாடி போட்ட அம்மா, அழணும்னு தோணலையாம்மா என்று கேட்டார், மெதுவாக, ஏதோ சமையலறையில் நின்று கேட்பது மாதிரி. தங்கபுஷ்பம் அவரைப் பார்த்தாள், அப்புறம் டாக்டரம்மாவின் பேனாவைப் பார்த்தாள்.

"நான் இப்ப அழுதா எழுதுவீங்களா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். யாரும் எழுத மாட்டாங்கம்மா, நீங்க அழுங்க, என்றார். ஓரத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிற பெண்ணுக்கும் கையைக் காட்டினார், அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆச்சு, உத்தரவு கிடைத்துவிட்டது. இனி அழலாம். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு அவள் அழுவதற்காகக் காத்திருந்தார்கள். இப்படி வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தால் எவளுக்குத்தான் அழுகை வரும். அவள் முயற்சி பண்ணினாள், சத்தியமாக முயற்சி பண்ணினாள். தூக்குவாளியை நினைத்தாள். தின்னுட்டி தின்னு என்ற குரலை நினைத்தாள், காதைச் சாய்த்து இல்லாத குரலை உற்றுக் கேட்ட அந்த முகத்தை நினைத்தாள். தொண்டையில் இருந்ததைக் கூப்பிட்டாள். வரவில்லை. முழுங்கி முழுங்கி எங்கே போய் விழுந்ததோ, கிணற்றில் கல் விழுந்தால் வருகிற சத்தம்கூட இல்லை. வெட்கமாக இருந்தது. இவ்வளவு பேரைக் காக்கவைத்துவிட்டு அழுகை வராமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வெட்கம். வரலைய்யா என்றாள் வாய்க்குள். அப்போதுதான் லிங்கதுரை உடைந்தான். நாற்காலியிலிருந்து சரிந்து வந்து அவள் காலடியில் உட்கார்ந்து, மடியில் தலையை வைத்து, யக்கா, யக்கா, நம்ம அம்மா போயிட்டாக்கா என்று, பொம்பளைப் பிள்ளை மாதிரி, வாய் கோணி, மூக்கு ஒழுக, ஊருக்கே கேட்கிற மாதிரி அழுதான். ஷர்மிளா ஓடி வந்து அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். கண்ணாடி போட்ட அம்மா எழுந்து வந்து முதுகைத் தடவினார். நீதிபதி, அழட்டும் விடுங்க, மனசு லேசாகும் என்றார். ஒருத்தரும் அதை எழுதவில்லை. தங்கபுஷ்பம் நடுங்குகிற கையை வெளியே எடுத்து அவன் தலையில் வைத்தாள், முடி உள்ளங்கையில் குத்தியது.

அப்புறம் எல்லாம் சீக்கிரமாக முடிந்தது. டாக்டரம்மா, தங்கபுஷ்பம் இவ்வளவு பெரிய செய்தியைப் பதறாமல் ஏற்றுக்கொண்டார், தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறார், வெளியே இருந்தே மாத்திரை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்ல, அந்தப் பெண் அதைத் தட்டச்சு செய்தாள். பாராட்டித்தான் சொன்னார், மனசாரச் சொன்னார். நீதிபதி உத்தரவைத் தமிழிலேயே வாசித்தார். தங்கபுஷ்பம் இன்றைக்கே போகலாம், யாருடைய கையெழுத்தும் வேண்டாம், யார் வீட்டில் தங்குவது என்பது அவர் இஷ்டம், அம்மா வீட்டில் இருக்க அவருக்கு உரிமை உண்டு, அதை யாரும் தடுக்கக் கூடாது. ஷர்மிளா அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள், பிள்ளைக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஜெயிச்சாச்சுக்கா என்றாள். ஆமா, ஜெயிச்சாச்சு என்றாள் தங்கபுஷ்பம். ரேஷன் கடை மூஞ்சியைக் கழற்றி வைத்துவிடலாம் என்று பார்த்தால் எங்கே பிடித்து எப்படிக் கழற்றுவது என்று தெரியவில்லை.

வெளியே வந்து உத்தரவின் நகலுக்காகக் காத்திருந்தார்கள். எஸ்தர் அவளைக் கட்டிக்கொண்டு, போய்ட்டு வா தாயி, இல்ல இல்ல, வராத, போ, என்று சொல்லிவிட்டு வேன் டிரைவரைத் தேடிப் போனாள். தங்கபுஷ்பம் பெஞ்சில் உட்கார்ந்து சாயங்காலத்தை நினைத்துப் பார்த்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி, மெயின் ரோட்டைத் தாண்டி, தெரு முக்கு. அங்கே குரலெடுக்க வேண்டும். கேத வீட்டுக்குப் பிந்தி வருகிறவளும் குரலெடுத்துத்தான் வர வேண்டும், ஒரு மாசம் ஆனாலும் அதுதான் முறை. முக்கு வீட்டு ராஜபாண்டிச்சி, குழாயடிப் பொம்பளைகள் எல்லாரும் வாசலுக்கு வந்து நின்று பார்ப்பார்கள். யம்மா என்று கத்தினால், அய்யோ மறுபடி ஆரம்பிச்சிட்டாடி என்று பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். கத்தாமல் போனால், பெத்தவ செத்ததுக்குச் சொட்டுக் கண்ணீர் இல்ல, பாரேன், இன்னும் சரியாகல என்பார்கள். அந்தத் தெருவுக்கு எந்த நீதிபதி உத்தரவு போடுவார். அம்மா இருந்தால் கேட்கலாம், என்னம்மா செய்ய என்று. கேட்டு, அவள் சொல்வது எதுவோ அதைச் செய்துவிடலாம்.

லிங்கதுரை முகத்தைக் கழுவிவிட்டு வந்திருந்தான். ஜன்னல் பக்கம் போய் நின்று வீட்டுக்குப் போன் போட்டான், அவன் பெண்டாட்டிக்கு. குரலைத் தணித்துத்தான் பேசினான், ஆனாலும் கேட்டது. விட்டுட்டாங்க, கூட்டிட்டுத்தான் வாரேன் என்றான். அந்தப் பக்கம் அவள் ஏதோ கேட்டாள், நிறையக் கேட்டாள். அவன் தலையை ஆட்டி ஆட்டி, அவளுக்குத் தைரியம் சொல்கிற மாதிரி சிரிக்கக்கூடச் செய்தான்.

"சே, அதெல்லாம் ஒண்ணும் இல்லட்டி, பயப்படாத. அக்கா நல்லாத்தான் இருக்கா. அம்மா விசயம் சொல்லியாச்சு. அழக்கூட இல்ல."

போனைப் பையில் போட்டுக்கொண்டு, போவமாக்கா என்றான். தங்கபுஷ்பம் எழுந்து அவனுக்குப் பின்னால் படியிறங்கினாள்.